லினக்ஸ் நிறுவும்போது மடிக்கணினி பூட் ஆகவில்லையா? எந்த நிலையத்தில் நின்றது என்று முதலில் பாருங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் யாருடைய மடிக்கணினியாவது திறந்து கிடக்கும். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த பிறகு இந்தக் கூட்டம் கூடிவிட்டது. பெரும்பாலும் அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மடிக்கணினிகள். கொண்டுவருபவர்கள் சொல்லும் முதல் வாக்கியமும் மாறுவதில்லை: "அண்ணே, மூன்று முறை நிறுவிவிட்டேன், இன்னும் வரவில்லை."

நான்காம் முறை நிறுவினாலும் வராது. பூட் கோளாறு பெரும்பாலும் நிறுவிய லினக்ஸுக்குள் இருப்பதில்லை. ஒரு கட்டம் அடுத்த கட்டத்திடம் வேலையை ஒப்படைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் மறுபடி நிறுவினால், மூன்று மணி நேரம் கழித்து அதே கறுப்புத் திரைமுன் வந்து நிற்பீர்கள்.

கீழே லினக்ஸ் மின்ட், உபுண்டு என்ற இரண்டு லினக்ஸ் வகைகளையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். திரையில் வரும் செய்திகளையும் கட்டளைகளையும் ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. பூட் என்பது நான்கு நிலையப் பயணம்

பத்துமலையிலிருந்து கொமியூட்டர் ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, அங்கே எல்.ஆர்.டி. ரயிலுக்கு மாறிப் போகிறவர் வழி தவறிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னால் நாம் என்ன கேட்போம்? "இப்போது எந்த நிலையத்தில் நிற்கிறாய்?" மடிக்கணினியிடமும் அதையே கேட்க வேண்டும்.

முதல் நிலையம், தாய்ப்பலகையில் உள்ள யுஇஎஃப்ஐ. மின்விசையை அழுத்தியதும் முதலில் ஓடும் மென்பொருள் அது. பழக்கத்தில் நாம் அதைப் பயாஸ் என்கிறோம். இரண்டாவது, க்ரப் என்ற பூட்லோடர், அதாவது எந்த இயங்குதளம் என்று மெனு காட்டி அதை ஏற்றும் நிரல். மூன்றாவது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல். நான்காவது, இனிட்ராம்எஃப்எஸ். வட்டைத் தேடித் திறந்து கொடுக்கும் சிறிய தற்காலிக அமைப்பு அது.

நிறுவனத்தின் சின்னத்தோடு நின்றாலோ, 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தாலோ முதல் நிலையம். 'க்ரப்' என்ற சொல்லோடு கறுப்புத் திரையில் கர்சர் மினுக்கினால் இரண்டாவது. மெனுவில் லினக்ஸைத் தேர்ந்தெடுத்த பிறகு திரை அணைந்தால் மூன்றாவது. அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று காத்திருந்தால் நான்காவது.

அந்தத் திரையை உடனே கைபேசியில் படம் பிடியுங்கள். வரிகள் ஓடி மறைந்தால் காணொளியாகப் பதிவு செய்து நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். "ஏதோ எர்ரர் வந்தது" என்ற தகவலை வைத்துக்கொண்டு யாராலும் உதவ முடியாது.

2. கையில் இருக்க வேண்டியவை

8 ஜிபி அளவுள்ள பென் டிரைவ், அதாவது விரலி, ஒன்று போதும். இரண்டு இருந்தால் நல்லது. விழா மேடைகளில் இலவசமாகக் கொடுக்கும் சின்னம் பொறித்த பென் டிரைவ்களை நம்பாதீர்கள். என் மேசையில் வீணான நேரத்தில் பாதி அவற்றால்தான்.

இணையம் உள்ள இன்னொரு கணினி, அல்லது கைபேசியும் அதன் யுஎஸ்பி வயரும். புதிய லினக்ஸில் வைஃபை உடனே வராவிட்டால் கைபேசியை வயரில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டால் இணையம் கிடைத்துவிடும்.

சார்ஜர் செருகியே இருக்கட்டும். பழைய மடிக்கணினியின் பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்காது. நம் ஊரில் மாலையில் இடி இடித்தால் வீட்டு மின்சாரம் டிரிப் ஆவதும் புதிதல்ல. பார்ட்டிஷனை, அதாவது வட்டின் பகுதிப் பிரிவை, மாற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தரவும் போகும். அதனால் இந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்கிறேன்.

ஒரு தாளும் பேனாவும் வேண்டும். பயாஸில் எதை மாற்றினாலும் பழைய நிலை என்ன, புதிய நிலை என்ன என்று எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மூன்றை ஒன்றாக மாற்றிப் பூட் ஆகிவிட்டால் எது தீர்த்தது என்று தெரியாது. ஆகாவிட்டால் எது கெடுத்தது என்றும் தெரியாது.

3. பயாஸைத் தொடுவதற்கு முன் பிட்லாக்கர்

விண்டோஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸ் நிறுவுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

பல மடிக்கணினிகளில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் குறியாக்கத்தால் வட்டு ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாத பூட்லோடரைத் தடுக்கும் பயாஸ் அமைப்பு) அணைத்தாலோ வட்டு முறையை மாற்றினாலோ, விண்டோஸ் அடுத்த முறை 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகள் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். துணிக்கடை வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவரின் இரண்டு ஆண்டுக் கணக்கு இப்படித்தான் போனது. அவர் செய்தது ஒரே ஒரு மாற்றம்தான், அதுவும் காணொளி ஒன்றைப் பார்த்து.

விண்டோஸ் அமைப்புகளில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' அல்லது 'பிட்லாக்கர்' எங்கே என்று தேடுங்கள். இயங்கிக்கொண்டிருந்தால் முதலில் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதுங்கள். பிறகு குறியாக்கத்தை முழுவதும் அணைத்து, அது முடியும்வரை காத்திருங்கள். தற்காலிகமாக நிறுத்தும் வசதியும் உண்டு. ஆனால் அது மறுதொடக்கத்துக்குப் பின் தானாகத் திரும்பிவிடலாம் என்பதால் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை.

அதே கையோடு 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பையும் அணையுங்கள். அது இருக்கும்வரை 'ஷட் டவுன்' என்பது முழு அணைப்பு அல்ல, அரைத் தூக்கம். அந்த நிலையில் விண்டோஸ் பகுதியை லினக்ஸ் தொட்டால் கோப்பு அமைப்பு சிதையக்கூடும்.

லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டிலேயே சுருக்கி ஒதுக்குங்கள். தன் பகுதியைச் சுருக்கும் வேலையை விண்டோஸே செய்வதுதான் பாதுகாப்பு.

4. யுஇஎஃப்ஐயா, பழைய முறையா?

விண்டோஸ் தேடல் பெட்டியில் 'எம்எஸ்இன்ஃபோ32' என்று தட்டுங்கள். 'பயாஸ் மோட்' என்ற வரியில் யுஇஎஃப்ஐ அல்லது லெகசி (பழைய முறை) என்று இருக்கும். விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதே முறையில்தான் லினக்ஸும் நிறுவப்பட வேண்டும். ஒன்று யுஇஎஃப்ஐயிலும் மற்றொன்று லெகசியிலும் இருந்தால், இரண்டும் தனித்தனியே நலமாக இருந்தும் ஒரே மெனுவில் சேராது.

பென் டிரைவிலிருந்து லினக்ஸ் வந்த பிறகும் சரிபார்க்கலாம். டெர்மினலில், அதாவது லினக்ஸின் கட்டளைச் சாளரத்தில், 'எல்எஸ் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ' என்று கேளுங்கள். அந்த அடைவு இருந்தால் யுஇஎஃப்ஐ. 'நோ சச் ஃபைல்' என்றால் லெகசியில் வந்திருக்கிறீர்கள். விண்டோஸ் யுஇஎஃப்ஐயில் இருந்தால் அங்கேயே நிறுத்தி, பூட் மெனுவுக்குத் திரும்பி, யுஇஎஃப்ஐ என்று முன்னால் குறித்த வரியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பென் டிரைவ் அந்த மெனுவில் இரண்டு முறை தோன்றுவது இதனால்தான்.

5. பென் டிரைவை எழுதுதல்

இணையத்திலிருந்து இறக்கிய லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் இழுத்துப் போட்டால் அது வெறும் கோப்பாகக் கிடக்கும், பூட் ஆகாது. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் போன்ற கருவியால் எழுத வேண்டும். யுஇஎஃப்ஐ மடிக்கணினியானால் ரூஃபஸில் பார்ட்டிஷன் முறை ஜிபிடி, இலக்கு யுஇஎஃப்ஐ என்று வையுங்கள். ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்டால் முதலில் ஐஎஸ்ஓ. அது பூட் ஆகாவிட்டால் டிடி முறையில் மறுபடி எழுதுங்கள்.

எழுதும் முன் கோப்பு முழுதாக இறங்கியதா என்று பாருங்கள். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் 'செர்ட்யூட்டில் -ஹாஷ்ஃபைல்' என்று தட்டி, கோப்பின் பெயரையும் 'ஷா256' என்பதையும் சேர்த்தால் நீளமான ஓர் எண் வரும். வெளியீட்டாளர் தந்திருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓர் எழுத்து வேறாக இருந்தாலும் மீண்டும் இறக்குங்கள். இரண்டு நிமிட வேலை. இதை யாரும் செய்வதில்லை, நானும் ஒரு காலத்தில் செய்ததில்லை.

6. முதல் நிலையம்: பென் டிரைவே வரவில்லை

பூட் மெனுவுக்கான விசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். டெல், லெனோவோ மடிக்கணினிகளில் பொதுவாக எஃப்12. எச்பியில் எஃப்9. ஆசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12-தான், ஆனால் பயாஸுக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு' என்பதை முதலில் இயக்க வேண்டியிருக்கும். மின்விசையை அழுத்திய கணத்திலிருந்து விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள், சின்னம் வந்த பிறகு தட்டினால் பெரும்பாலும் தாமதம்.

மெனுவில் பென் டிரைவ் தெரியவில்லை என்றால் வேறு துளையில் செருகுங்கள். யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகாதீர்கள். பிறகு பயாஸில் 'யுஎஸ்பி பூட்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகங்களிலிருந்து வந்த மடிக்கணினிகளில் அதை வேண்டுமென்றே அணைத்திருப்பார்கள். பயாஸுக்கே கடவுச்சொல் இருந்தால் விற்ற கடைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் வாங்கினாலும் தெருமுனைக் கடையில் வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் பயாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

'செக்யூர் பூட் வயலேஷன்' என்று வந்தால் கையொப்பச் சிக்கல். உபுண்டுவும் மின்ட்டும் கையொப்பமிட்ட பூட்லோடரோடுதான் வருகின்றன, ஆகவே செக்யூர் பூட் இயங்கும்போதே அவை நிறுவப்படும். எடுத்த எடுப்பில் அதை அணைக்காதீர்கள். முதலில் புதிய பதிப்பின் ஐஎஸ்ஓவை எழுதிப் பாருங்கள்.

'வெரிஃபையிங் ஷிம் எஸ்பேட் டேட்டா ஃபெயில்ட்' என்ற செய்தி தனி ரகம். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு, பழைய பூட்லோடர்களை ஏற்க மறுக்கும் பட்டியலைப் பயாஸில் எழுதிவிட்டது. ஏற்கெனவே நிறுவிய லினக்ஸில் இது வந்தால், செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து லினக்ஸுக்குள் போங்கள். 'சுடோ மோக்யூட்டில் --செட்-எஸ்பேட்-பாலிசி டிலீட்' என்று தட்டி மறுதொடக்கம் செய்து, மறுபடி லினக்ஸுக்குள் போய் எல்லாப் புதுப்பிப்புகளையும் போட்டுவிட்டு, செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்குங்கள்.

7. மூன்றாவது நிலையம்: கறுப்புத் திரை

வரிசைப்படி இரண்டாவது நிலையம்தான் வர வேண்டும். ஆனால் நிறுவும் நாளன்று முதலில் சந்திப்பது கறுப்புத் திரையைத்தான். என்விடியா கிராஃபிக்ஸ் சில்லு உள்ள மடிக்கணினிகளில் இது அதிகம்.

மின்ட் பென் டிரைவின் மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்ற வரியும், உபுண்டுவில் 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்ற வரியும் இருக்கும். அவற்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரி இல்லாத பதிப்பானால், மெனுவில் லினக்ஸ் வரியின் மேல் நின்று 'இ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியில் 'கொயட் ஸ்பிளாஷ்' என்ற சொற்களுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள்.

கெர்னல் தன் கிராஃபிக்ஸ் இயக்கியால் திரையின் அமைப்பை மாற்ற முனையும்போதுதான் திரை அணைகிறது. இந்தச் சொல் அந்த முயற்சியைத் தடுத்து, பயாஸ் தந்த எளிய திரையிலேயே ஓடச் சொல்கிறது.

இங்கேதான் பலர் மறுபடி விழுகிறார்கள். நிறுவி முடித்து மறுதொடக்கம் செய்ததும் திரை மீண்டும் கறுக்கும். நீங்கள் சேர்த்த சொல் அந்த ஒரு பூட்டுக்கு மட்டுமே. மெனு தானாக வராவிட்டால் சின்னம் மறையும் கணத்தில் எஸ்கேப்பை ஒரு முறை தட்டுங்கள். பதற்றத்தில் பல முறை தட்டினால் 'க்ரப்>' என்று வெறும் கட்டளை வரி வந்துவிடும். பயப்படாமல் 'நார்மல்' என்று தட்டி என்டர் அழுத்தினால் தொடரும். மறுபடி 'நோமோட்செட்' சேர்த்து உள்ளே போங்கள்.

உள்ளே போனதும் மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்', உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து பரிந்துரைக்கப்பட்ட என்விடியா இயக்கியை நிறுவுங்கள். செக்யூர் பூட் இயங்கினால் ஒரு கடவுச்சொல் கேட்கும், அதை எழுதி வையுங்கள். அடுத்த தொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து 10 வினாடி மட்டும் காத்திருக்கும். ஏதாவது ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்து, அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். தேநீர் எடுக்கப் போய்த் திரும்பினால் அந்தத் திரை போயிருக்கும், இயக்கியும் ஏறியிருக்காது.

'நோமோட்செட்'டை நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். காணொளி திக்கும், திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது.

8. நிறுவியில் வட்டு தெரியவில்லை

பென் டிரைவிலிருந்து எல்லாம் நன்றாக வரும். எங்கே நிறுவுவது என்ற கட்டத்தில் வட்டே இருக்காது, அல்லது 'ஆர்எஸ்டி'யை அணைக்கச் சொல்லும். வட்டு பழுதாகிவிட்டது என்று புதிய எஸ்எஸ்டி வாங்கி வந்தவரும் உண்டு. வட்டு அங்கேயேதான் இருக்கிறது, இன்டெலின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற அடுக்கு அதை மறைத்துக்கொண்டிருக்கிறது.

பயாஸில் சேமிப்பக முறையை 'ஏஎச்சிஐ'க்கு மாற்ற வேண்டும், அல்லது விஎம்டியை அணைக்க வேண்டும். ஏசர் மடிக்கணினிகள் பலவற்றில் 'மெயின்' பக்கத்தில் கன்ட்ரோல், எஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அந்த வரியே தோன்றும்.

விண்டோஸை வைத்திருப்பவர்கள் நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு விழும். வரிசை இதுதான். விண்டோஸில் 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து, பூட் பக்கத்தில் 'சேஃப் பூட்' குறியிடுங்கள். மறுதொடக்கம் செய்து நேராகப் பயாஸுக்குள் நுழைந்து ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸ் பாதுகாப்பு முறையில் எழும், அப்போது புதிய முறைக்கான இயக்கியைத் தானே ஏற்றிக்கொள்ளும். பிறகு 'சேஃப் பூட்' குறியை நீக்கி மறுதொடக்கம் செய்யுங்கள். பாதுகாப்பு முறையில் நான்கு இலக்கப் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், ஆகவே கணக்கின் முழுக் கடவுச்சொல் கையில் இருக்கட்டும்.

9. நிறுவியாகிவிட்டது, ஆனால் விண்டோஸ்தான் வருகிறது

லினக்ஸ் ஏறவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பயாஸின் பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் நிற்கிறது, அவ்வளவுதான். 'உபுண்டு' என்ற வரியை அதற்கு மேலே நகர்த்துங்கள். மின்ட் நிறுவினாலும் அங்கே 'உபுண்டு' என்றே பெயர் இருக்கும்.

அந்த வரியே இல்லாமல் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால், சில மடிக்கணினிகளின் பயாஸ் தனக்குத் தெரியாத பூட்லோடரை நம்ப மறுக்கிறது என்று பொருள். பயாஸில் 'சூப்பர்வைசர் பாஸ்வேர்ட்' ஒன்றை வைத்தால்தான் பாதுகாப்புப் பக்கத்தில் மங்கலாக இருக்கும் வரிகள் திறக்கும். அங்கே 'யுஇஎஃப்ஐ கோப்பை நம்பகமானதாகத் தேர்ந்தெடு' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதன் வழியே 'இஎஃப்ஐ' அடைவுக்குள் 'உபுண்டு', அதற்குள் 'ஷிம்எக்ஸ்64' கோப்பைத் தேர்ந்து ஒரு பெயர் கொடுங்கள். வெளியே வந்து அந்தப் பெயரைப் பூட் வரிசையில் முதலில் வையுங்கள்.

வேலை முடிந்ததும் அந்தச் சூப்பர்வைசர் கடவுச்சொல்லை நீக்கிவிடுங்கள். நீக்க மனமில்லை என்றால் எழுதி வையுங்கள். அதை மறந்தால் தாய்ப்பலகைவரை வேலை போகும்.

10. இரண்டாவது நிலையம்: 'க்ரப் ரெஸ்க்யூ'

'அன்நோன் ஃபைல்சிஸ்டம்' அல்லது 'நோ சச் பார்ட்டிஷன்' என்ற வரியோடு 'க்ரப் ரெஸ்க்யூ>' வந்தால், க்ரப் தன் மற்றக் கோப்புகளைத் தேடிப் போன இடத்தில் அவை இல்லை. பார்ட்டிஷனை அழித்த பிறகோ, நகர்த்திய பிறகோ, லினக்ஸ் இருந்த பகுதியை விண்டோஸிலிருந்து 'காலி இடம்' என்று நினைத்து நீக்கிய பிறகோ இது வரும். கடைசி வகையில் மீட்க லினக்ஸே அங்கே இருக்காது.

லினக்ஸ் பகுதி அழியாமல் இருந்தால், மின்ட் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, மெனுவில் 'பூட் ரிப்பேர்' என்ற கருவியைத் திறந்து 'ரெகமண்டட் ரிப்பேர்' அழுத்துங்கள். மின்ட்டில் அது கூடவே வருகிறது. உபுண்டு நிறுவியவர்களும் இதற்காகவே மின்ட் பென் டிரைவ் ஒன்றை வைத்திருக்கலாம்.

பென் டிரைவ் யுஇஎஃப்ஐ முறையில் வந்திருக்கிறதா என்று 4-ஆம் பகுதியில் சொன்ன வழியில் பார்த்துவிட்டே அழுத்துங்கள். லெகசியில் வந்து பழுது பார்த்தால் லெகசிக்கான க்ரப்பை நிறுவப் பார்க்கும், ஒரு கோளாறு இரண்டாகும்.

11. நான்காவது நிலையம்: 'இனிட்ராம்எஃப்எஸ்'

இது இரண்டு வகை. நிறுவும் பென் டிரைவிலேயே 'அனேபிள் டு ஃபைண்ட் எ மீடியம்' என்று வந்தால் குற்றவாளி பென் டிரைவ். துளையை மாற்றுங்கள், மறுபடி எழுதுங்கள், பிறகு பென் டிரைவையே மாற்றுங்கள்.

நிறுவிய லினக்ஸில் வந்தால் 'எக்சிட்' என்று தட்டுங்கள். காரணம் மேலே தோன்றும். குறிப்பிட்ட பகுதியின் பெயரைச் சொல்லி 'எஃப்எஸ்சிகே' (கோப்பு அமைப்பைச் சரிபார்க்கும் கட்டளை) கேட்டால், 'எஃப்எஸ்சிகே -ஒய்' என்று தட்டி அந்தப் பெயரைச் சேருங்கள். முடிந்ததும் மறுபடி 'எக்சிட்'. மின்சாரம் திடீரென்று போன மறுநாள் இது வருவது இயல்பு. வாரம் ஒரு முறை வந்தால் வட்டு சாகிறது என்று எடுத்துக்கொண்டு அன்றே கோப்புகளை வெளியே எடுங்கள்.

'யுயுஐடி டஸ் நாட் எக்சிஸ்ட்' என்றால் கெர்னலுக்கு வட்டே தெரியவில்லை. நிறுவிய பிறகு யாராவது பயாஸை 'டிஃபால்ட்' நிலைக்குத் திருப்பினார்களா என்று கேளுங்கள். ஏஎச்சிஐ மறுபடி ஆர்எஸ்டியாக மாறியிருக்கும். 2-ஆம் பகுதியில் எழுதச் சொன்ன தாள் இங்கேதான் கைகொடுக்கும்.

12. சில்லறைக் கோளாறுகள்

க்ரப் மெனுவில் விண்டோஸ் இல்லை என்றால்: க்ரப் 2.06 முதல் பிற இயங்குதளங்களைத் தேடும் வேலை இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. '/ஈடிசி/டிஃபால்ட்/க்ரப்' கோப்பில் 'க்ரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ்' என்ற வரியைச் சேர்த்து (சமக் குறிக்கு முந்தைய பகுதி முழுவதும் பெரிய எழுத்தில்), 'சுடோ அப்டேட்-க்ரப்' கொடுங்கள்.

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்தங்கியிருக்கும். மலேசிய நேரம் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி முன்னால் இருக்கிறது. தாய்ப்பலகைக் கடிகாரத்தில் லினக்ஸ் பொது நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும். எட்டு மணி அல்லாமல் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், அது தாய்ப்பலகையில் உள்ள நாணய அளவு பேட்டரி தீர்ந்த கதை. அதை மாற்றும்போது பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குப் போகக்கூடும் என்பதால் தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.